ஜீப்பின் அடியில் ‘டக்’ சத்தம், வேகத்தில் அதிர்வு: கோளாறு ஷாஃப்டிலா, வேறு எங்காவதா?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய மஹிந்திரா மேஜர் ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கியர் போட்டுக் கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் அதிர்வு. ஒரு பட்டறையில் கிரவுன்-பினியன் (ஆக்ஸிலின் நடுவில் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) மாற்ற வேண்டும் என்கிறார்கள்; இன்னொரு பட்டறையில் டயர் பேலன்ஸ் என்கிறார்கள்; டிரைவ் ஷாஃப்டாக இருக்குமோ என்பது உங்கள் சந்தேகம். அடுத்த மாதம் குடும்பத்தோடு போடிமெட்டு ஏறி, உறவினரின் ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும், கடைசிச் சில கிலோமீட்டர் கல்லும் சேறுமான பாதை. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறலாமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர் என்று எனக்குப் படுகிறது. அதை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் 28 ஆண்டுகளாக ஜீப் வேலை பார்க்கிறேன். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் மாலையில் இறக்கிவரும் வண்டிகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வரும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கி, அதற்கு மேல் தோட்டப் பாதையில் அடிபடும் வண்டிகள் அவை. ஆகவே நான் சொல்வதெல்லாம் பட்டை ஸ்பிரிங் போட்ட, தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் பழைய வகை ஜீப்களில் கற்றது. புதிய வண்டிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், நிரந்தர நான்கு சக்கர இயக்கமும் கணினிக் கட்டுப்பாடும் உள்ளவற்றுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காரில் இஞ்சின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் போகும் குட்டைத் தண்டைத்தான் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் டிரைவ் ஷாஃப்ட் என்கிறார்கள். ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் குழாய்க்குப் பெயர் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். உங்கள் வண்டியில் அது இரண்டு உண்டு. நடுவில் இருந்துகொண்டு இழுவையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒன்று, ஆக்ஸிலும் கிரவுன்-பினியனும் அடங்கிய பின் ஹவுசிங்குக்கும், மற்றொன்று அதேபோன்ற முன் ஹவுசிங்குக்கும் போகிறது. ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு ஜாயிண்ட் இருக்கும். கவட்டை போன்ற இரண்டு கவைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்க, நடுவில் சிலுவை வடிவத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைத்தான் ‘கிராஸ்’ என்கிறோம். சிலுவையின் நான்கு கைகளுக்கும் நான்கு கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாகச் சிறு உருளைகள். குழாயின் ஒரு பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் சுருங்கவும் கூடிய பல்வரி இணைப்பு இருக்கும். அது ஸ்ப்ளைன். மேட்டிலும் பள்ளத்திலும் ஹவுசிங் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும், அதற்காக.

இந்தக் கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கிவிடும். ஜாயிண்ட் நேராக இல்லாமல் மடங்கியிருந்தால், உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி மடிப்பில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதம் ஆகிவிடுகிறது. கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாயிண்ட் செய்யும் இந்தக் குழப்பத்தை மறுமுனை ஜாயிண்ட் நேர் எதிராகச் செய்து சமன் படுத்துகிறது. இரண்டு கோணங்களும் சமமாகவும், குழாயின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தால் மட்டுமே அது நடக்கும். இதில் எது கெட்டாலும் அதிர்வு வரும், புதுக் கிராஸே போட்டிருந்தாலும்.

இப்போது ‘டக்’ சத்தத்துக்கு வருகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தை வாயால் செய்துகாட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியம், அது எப்போது வருகிறது என்பது. நின்ற வண்டியில் முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது ஒருமுறை, உடனே ரிவர்ஸ் போட்டால் மறுபடி ஒருமுறை என்று வந்தால், எங்கோ ஒரு தளர்ச்சி இருக்கிறது, இழுவை திசை மாறும்போது அது முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மோதுகிறது என்று பொருள். இதுவரை உறுதி. அந்தத் தளர்ச்சி கிராஸிலா, ஸ்ப்ளைனிலா, ஷாஃப்டின் முனையை இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சின் போல்ட்டிலா, கிரவுன்-பினியனிலா என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது. அதே ஊர், அதே ஜீப், அதே ‘டக்’. ஒருமுறை கிராஸாக இருந்தது, ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங்கை ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் யூ-போல்ட் தளர்ந்திருந்தது. ஓட்டிப் பார்த்த மாத்திரத்தில், வண்டிக்கு அடியில் போகாமலேயே கிரவுன் மாற்றச் சொன்னவரை நான் நம்ப மாட்டேன். கிராஸ் ஒன்றின் விலையையும் கிரவுன்-பினியன் செட்டின் விலையையும் விசாரித்துப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

அடியில் போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வண்டியைக் கியரில் நிறுத்தினால், அதைப் பிடித்து வைத்திருப்பது இஞ்சின் மட்டும் இல்லை. இஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கும் இந்த ஷாஃப்டும்தான். அது கழன்றாலோ உடைந்தாலோ கியர் இருந்தும் இல்லாதது போல. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்கள் பலவற்றில் கைப்பிரேக்கும் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியில் கைப்பிரேக்கும் போய்விடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாலை, ஆள் ஏற்றிய ஜீப் ஒன்று ஏற்றத்தில் பின் ஷாஃப்டின் முன் கிராஸ் உடைந்து நின்றது. ஓட்டுநர் கால்பிரேக்கை மிதித்துக்கொண்டு கைப்பிரேக்கை இழுத்தார், கியரும் போட்டார். காலை எடுத்ததும் வண்டி பின்னால் நகர்ந்தது. உள்ளே இருந்த பெண் ஒருவர் குதித்து ஓடிப்போய்ப் பாறைத் துண்டை டயருக்கு அணை கொடுத்தார். அவருக்கு இயந்திரம் தெரியாது, மலைச் சாலை தெரியும். அன்றிலிருந்து, வேலை பார்த்துத் தரும் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு முட்டுக்கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

ஆகவே சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதன் பிறகு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை விடுவித்து, அடியில் போங்கள். பின் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். பழைய வண்டியில் குழாய் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். அந்த அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழாய்க் கவை அசைந்து, எதிர்க் கவை அசையாமல், நடுவில் கிண்ணம் நகர்வது தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸ் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அசைத்து, சத்தம் ஹவுசிங்கின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தால் அது கிரவுன்-பினியன் இடைவெளி. அப்படி ஓரளவு இடைவெளி இருப்பது இயல்பு. கிராஸில் கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது இயல்பு இல்லை. அடுத்ததாக ஒரு கனமான ஸ்க்ரூடிரைவரைக் கவைக்கும் கிராஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். திருகும்போது தெரியாத ஆட்டம் சில சமயம் நெம்பும்போது தெரியும். ஃபிளாஞ்ச் போல்ட்டுகள் ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஸ்ப்ளைன் பகுதியை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள்.

கையை விடக் கண் முந்திக்கொள்ளும் அடையாளம் ஒன்று உண்டு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவியது போலச் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் வற்றி, உள்ளே போன நீரில் ஊசி உருளைகள் துருப்பிடித்து, தாமே அரைபட்டு வெளியே வரும் துரு அது. நம் மலை மண்ணும் சிவப்பாக இருப்பதால் வண்டியைக் கழுவிவிட்டு 50 கிலோமீட்டராவது ஓட்டியபின் பாருங்கள். மண்ணாக இருந்தால் எங்கும் பரவலாக இருக்கும். துருவாக இருந்தால் அந்தக் கிண்ணத்தின் சீலை ஒட்டி மட்டும் வளையமாக இருக்கும். இதை நான் பார்த்துவிட்டால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதில்லை, மாற்றிவிடுவேன். ஆட்டம் பின்னால் வந்தே தீரும்.

இதே வறட்சிக்குக் காதால் கேட்கும் அடையாளமும் உண்டு. மெதுவாக உருண்டு போகும்போது ‘கீச், கீச், கீச்’ என்று குருவி கத்துவது போல ஒரு சத்தம் வரும். வேகம் கூடக் கூட நெருக்கமாகும், பிறகு மற்ற இரைச்சலில் மறைந்துவிடும். ஓடையைக் கடந்தபின் சற்று நேரம் நின்றுபோய், காய்ந்ததும் திரும்ப வரும். தானே சரியாகிவிட்டது என்று பலர் நிம்மதி அடைவது இந்த இடத்தில்தான். உண்மையில் ஓட்டத்தில் சூடான ஜாயிண்ட் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, தேய்ந்த சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தற்காலிகமாக நீரே எண்ணெய்போல வேலை செய்கிறது, அவ்வளவுதான். நீரில் இறங்கிய வண்டிக்கு அன்று மாலையே கிரீஸ் அடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அடிக்கும்போது நான்கு கிண்ணங்களிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், அந்த ஒன்று பட்டினி கிடக்கிறது.

அதிர்வைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான பாகத்தை மாற்றிப் பணத்தை வீணாக்குவது இதில்தான் அதிகம். முதல் வேலை, வண்டியைக் கழுவுவது. சக்கர ரிம்மின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் காய்ந்திருக்கும் ஒரு கை சேறு போதும், ஜீப் முழுவதையும் ஆட்டுவதற்கு. ஷாஃப்ட் குழாயின் மேல் ஒட்டிய சேறும் அப்படியே. குழாய் கல்லில் இடித்து நசுங்கியிருக்கிறதா, முன்பு ஒட்டியிருந்த பேலன்ஸ் தகடு விழுந்துபோய் அதன் தடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் வெறிச்சோடிய நேரான சாலையில், அதிர்வு அதிகமாக இருக்கும் வேகத்தில் கிளட்சை மிதித்து இஞ்சின் ஓட்டத்தைக் குறைய விடுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் இஞ்சினையும் கிளட்சையும் விட்டுவிடலாம். அதே வேகத்தில் டாப் கியரிலும், அதற்குக் கீழ்க் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

மிஞ்சுவது சக்கரமா ஷாஃப்டா என்பது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். உங்கள் டயரின் குறுக்களவு சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏழரைச் சுற்று. ஹவுசிங்கில் பல் விகிதம் நாலரை என்றால், ஷாஃப்ட் அதே நொடியில் 34 முறை சுற்றுகிறது. ஆகவே டயர் கோளாறு ‘திடும் திடும்’ என்று கிட்டத்தட்ட எண்ணக்கூடிய உதறலாக வரும், ஷாஃப்ட் கோளாறு ரீங்காரம் கலந்த நடுக்கமாக வரும். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். பின் ஷாஃப்ட் என்றால் இருக்கையிலும், தரையிலும், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் உருவம் கலங்குவதிலும் தெரியும். இன்று கைபேசியிலேயே அதிர்வின் எண்ணிக்கையை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. கைபேசியை இருக்கைக்கு அடியில் தரையில் ஒட்டிவைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் நொடிக்கு 7 அல்லது 8 என்று காட்டினால் சக்கரம். 34 பக்கம் என்றால் ஷாஃப்ட் சமநிலை இழந்திருக்கிறது. 68 பக்கம் என்றால் கிராஸின் கோணத்தில் தொல்லை, ஏனென்றால் சுற்றுக்கு இரண்டு முறை என்பது அதன் குணம். உங்கள் டயர் அளவும் பல் விகிதமும் வேறாக இருக்கலாம், அவற்றைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தால் அடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் இழுவை ஏறும்போது ஹவுசிங்கின் மூக்கு மேலே தூக்கும், கோணம் மாறும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, யாரோ வண்டியை உயர்த்தியிருந்தாலோ இது கூடுதலாகத் தெரியும். பழைய வண்டி என்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக மாற்றி 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறாரா என்று பாருங்கள். ஜீப்பின் பின் ஷாஃப்ட் குட்டையானது, ஆகவே கொஞ்சம் உயர்த்தினாலும் கோணம் நிறைய மாறும். கைபேசியின் சாய்வுமானியை வைத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், குழாய், பினியன் ஃபிளாஞ்ச் மூன்றின் சாய்வையும் அளந்தால், முன் ஜாயிண்டின் மடிப்பும் பின் ஜாயிண்டின் மடிப்பும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எத்தனை கிராஸ் மாற்றினாலும் அதிர்வு போகாது. இப்படி உயர்த்திய வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தும். பாறையில் இடிக்காமல் இருக்கத்தான் உயர்த்துகிறார்கள். ஆனால் அடியில் கிராஸைத் தினமும் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

கழற்றி மாட்டிய வண்டி என்றால் இன்னொரு சாத்தியமும் உண்டு. ஸ்ப்ளைனைப் பிரித்து மறுபடி நுழைக்கும்போது ஒரு பல் தள்ளிப் போனால்கூட இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது. நான் வேலை கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் இந்தத் தவற்றைச் செய்தேன். நல்ல கிராஸ், நல்ல குழாய், நல்ல போல்ட். ஆனால் வண்டி போடியைத் தாண்டுவதற்குள் உதறித் திரும்பி வந்தது. என் மேஸ்திரி திட்டவில்லை. ஒரு சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தார். கழற்றுவதற்கு முன் ஸ்ப்ளைனின் இரு பக்கமும் ஒரே கோடு, ஃபிளாஞ்சின் இரு பக்கமும் ஒரே கோடு. இன்றும் கோடு போடாமல் நான் ஒரு நட்டைக்கூடத் தொடுவதில்லை. குழாயில் அம்புக்குறிகள் அடித்திருந்தால் அவை நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

முன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன் ஷாஃப்ட் பெரும்பாலும் சும்மா இருப்பதால் அது புதிதுபோல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் அதன் நடுவில் இருக்கும் ஹப்பைப் பூட்டாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் கிராஸ் ஒரே நிலையில் நின்று, ஊசிகள் அந்த இடத்திலேயே துருப்பிடிக்கும். ஹப்பைப் பூட்டினால் அதிர்வு வந்து, திறந்தால் போய்விடுகிறது என்றால் தேட வேண்டிய இடம் முன் பக்கம்தான். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது சக்கரத்தின் பக்கம் ‘கட கட கட’ என்று வந்தால் அது ப்ரொப்பல்லர் ஷாஃப்டே இல்லை, சக்கரத்தருகே உள்ள ஆக்ஸில் ஜாயிண்ட். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் அங்கே குண்டுகள் உள்ள சிவி ஜாயிண்ட் இருக்கும். முன் சக்கரம் தனித்தனியாக அசையும் 2010-க்குப் பிந்தைய தார் போன்றவற்றில் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறதா, சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் வாரி இறைத்தது போல இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த அன்றே மாற்றினால் ஜாயிண்ட் தப்பும். மணல் புகுந்தபின் மாற்றினால் பூட் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

கோளாறே இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடியே தார்ச்சாலையில் வளைந்தால் வண்டி முக்கும், சக்கரம் துள்ளும், அடியில் ‘டங்’ என்று விடுபடும் சத்தம் வரும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். இந்த வகை ஜீப்பில் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் முறுக்காகச் சேருகிறது. சேறிலும் சரளையிலும் டயர் வழுக்கி முறுக்கைத் தளர்த்திவிடும், தாரில் தளர வழியில்லை. இதைக் கோளாறு என்று நினைத்து வருகிறவர்கள் பலர். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் அது கோளாறாகவே ஆகிவிடும்.

இனி என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாத இடம். சீரான வேகத்தில் ‘உம்ம்’ என்று வரும் ஊளைச் சத்தத்தை எழுத்தில் படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பினியன் பேரிங், சக்கர பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல், சேற்றுக்கான தடித்த டயர் எல்லாமே ஒன்றுபோல ஊளையிடும். பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் முதல் ஊகத்தில் நான் தவறியிருக்கிறேன். அப்போது நான் செய்வது, பின் ஷாஃப்டை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, முன் இயக்கத்தில் மட்டும் சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. சத்தம் போய்விட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். இரு முனையிலும் ஃபிளாஞ்ச் உள்ள ஷாஃப்டில்தான் இதைச் செய்யலாம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே நுழையும் வகை என்றால் ஆயில் கொட்டிவிடும். கைப்பிரேக்கைப் பற்றி முன்பு சொன்னதையும் நினைவில் கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். குழாய் வளைந்திருக்கிறதா என்பதையும் கண்ணால் சொல்ல முடியாது. சுழலவைத்து, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜில் பார்க்க வேண்டும், அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பேலன்ஸ் செய்யும் இடத்துக்கு அனுப்புவதே நல்லது.

கிராஸ் மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது. கிண்ணத்தை அழுத்தும்போது ஊசி ஒன்று சரிந்து அடியில் படுத்துவிட்டால் கிண்ணம் முழுவதும் இறங்காது, கிண்ணம் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் அதன் பள்ளத்தில் உட்காராது. அந்த நேரத்தில் சுத்தியலால் அடித்து இறக்குகிறவர் புதுக் கிராஸை அங்கேயே கொன்றுவிடுகிறார். கழற்றி, ஊசியைக் கெட்டிக் கிரீஸில் ஒட்டவைத்து, மறுபடி நுழைக்க வேண்டும். மாட்டியபின் ஜாயிண்டைக் கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு அடையாளங்களும், கியர் மாற்றத்தில் ‘டக்’, 50-க்கு மேல் இருக்கைக்கு அடியில் நடுக்கம், சேர்ந்து வருவதால் பின் ஷாஃப்டின் கிராஸ் அல்லது ஸ்ப்ளைன் மீதுதான் என் முதல் சந்தேகம். இது சந்தேகம்தான், முடிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டை வைத்து அடியில் போய்ப் பாருங்கள். கிண்ணத்தில் செம்பழுப்புத் தூளோ, கைக்குத் தெரியும் ஆட்டமோ இருந்தால், மாற்றும்வரை மலை ஏற வேண்டாம். உள்ளூரில் வேகமாகவும் ஓட்ட வேண்டாம். ஓட்டத்தில் ஷாஃப்டின் முன் முனை கழன்று தொங்கினால் அது சாலையில் குத்தி வண்டியையே தூக்கிவிடக் கூடும். சுழலும் முனை பிரேக் குழாயை அறுத்துவிடக் கூடும். ஏற்றத்தில் நின்ற ஜீப்பின் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். தூளும் இல்லை, ஆட்டமும் இல்லை, போல்ட்டும் ஸ்பிரிங் யூ-போல்ட்டும் இறுக்கமாக இருக்கின்றன, சத்தம் ஹவுசிங்குக்குள்தான் என்றால், கிரவுன் சொன்ன பட்டறையில் ஹவுசிங்கின் ஆயிலை இறக்கி, அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றினால் பழைய கிராஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கைகளையும் துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். எந்தக் கையில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் இத்தனை நாளும் கிரீஸ் போகவில்லை. புதியதில் கிரீஸ் அடிக்கும்போது முதலில் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள்.